கல்வெட்டு மேசைக்கு எந்தக் கணினி?

போன மாரிக்கு முதல் ஒரு நாள் பின்னேரம், பூவரசங்குளத்தில் இருக்கும் என் வேலை மேசைக்கு ஓர் அம்மா வந்தார். கையில் பழைய தேசிய அடையாள அட்டை. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் உறை மங்கி, படத்தின் ஓரத்தில் ஈரம் பட்ட கறை படர்ந்திருந்தது.

"தம்பி, இவற்ர படம் எண்டு எங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான். இடம்பெயரேக்க மற்றதெல்லாம் விட்டிட்டு வந்தனாங்கள். கல்வெட்டுக்குப் போடவேணும். கண் மட்டும் தெளிவாத் தெரியிற மாதிரிச் செய்து தாங்கோ, காணும்."

வன்னியில் வடிவமைப்பு வேலை செய்கிற எவருக்கும் இந்த வார்த்தைகள் புதியவை அல்ல. கலியாண அல்பம், சாமத்திய வீட்டுப் பதாகை, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம், கடைப் பெயர்ப்பலகை என்று எத்தனை வேலை வந்தாலும், இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அச்சாகும் கல்வெட்டு என்ற சிறுநூல்தான் கை நடுங்க வைக்கும் வேலை. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளின் அல்பங்களைத் தின்றுவிட்டன. பூவரசங்குளத்தால் போகும் இந்த மன்னார் வீதியால்தான் 2009இல் சனம் பஸ் பஸ்ஸாகச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மீண்டு வந்த பலரிடம் மிஞ்சியிருந்த ஒரே முகம் அடையாள அட்டையில் இருந்த முகம்.

பெருவிரல் அளவான அந்தப் படத்தை ஸ்கான் செய்து ஏ4 அளவுக்குப் பெருப்பித்தால் கண் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புள்ளிகள்தான் கிடக்கும். இமையையும் புருவத்தையும் உதட்டோரத்தையும் கையால் கீறி எடுக்கவேண்டும். நான் அதைப் பத்து வருடமாக மவுஸால்தான் செய்துவந்தேன். மவுஸால் இமை கீறுவது மண்வெட்டியால் கோலம் போடுவது போன்றது. செய்யலாம், ஆனால் கோடு கை நினைத்தபடி வராது.

கனடாவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் கேட்டபோது நான் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் அதுதான். "மச்சான், உனக்கொரு நல்ல கொம்பியூட்டர் எடுத்து அனுப்பட்டோ? ஸ்கிரீனிலயே பேனையால கீறலாமாம். பெட்டி கிட்டி ஒண்டும் இல்லை, எல்லாம் ஸ்கிரீனோடயே இருக்கு."

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவில் ஸ்டூடியோவும் அச்சு வேலையும் நடத்தும் எத்தனையோ பேருக்கு இப்படி அழைப்பு வருகிறது. ஆகவே கேள்வியை முழுதாக எடுத்துப் பார்ப்போம். கலைத் தொழில் செய்பவருக்கென்று செய்யப்படும் 'எல்லாம் ஒன்றில்' தொடுதிரைக் கணினி எங்கள் மேசைக்குப் பொருந்துமா?

வரைபலகை திரைக்குள் வந்த கதை

திரையில் நேரே கீறும் ஆசை கணினியளவு பழையது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் 'ஸ்கெச்பாட்' என்ற மென்பொருளைச் செய்தார். அதில் ஒளிப்பேனையைத் திரையில் வைத்துக் கோடும் வட்டமும் கீறலாம். 1983இல் எச்.பி. நிறுவனம் எச்.பி.-150 என்ற தொடுதிரை மேசைக்கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் ஓடும். விரல் அவற்றை மறித்தால் கணினி இடத்தை அறியும். கதிர் வரும் சின்னத் துளைகளில் தூசி அடைப்பது அதன் பெரிய குறை. செம்மண் வீதியோரத்தில் கடை வைத்திருப்பவருக்கு இந்தக் குறையை விளக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய குறை தோளில் இருந்தது. நிமிர்ந்து நிற்கும் திரையில் கையைத் தூக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள், தோள்மூட்டு கடுக்கத் தொடங்கும். அப்பிளின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2010 ஒக்ரோபரில் இதையே காரணம் காட்டி, நிமிர்ந்த திரைக்குத் தொடுகை பொருந்தாது என்று மேடையில் அறிவித்தார். ஐமக் இன்றுவரை தொடுதிரை இல்லாமலே வருகிறது.

2016 ஒக்ரோபர் 26ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் இதற்கு ஒரு விடை வைத்தது. அதன் பெயர் சர்ஃபேஸ் ஸ்டூடியோ. நிமிர்ந்து நிற்கும் 28 அங்குலத் திரையை ஒரு விரலால் அழுத்தினால் அது முன்னோக்கிச் சரிந்து, 20 பாகைச் சாய்வில் வரைபலகைபோலப் படுத்துவிடும். பொறியியலாளர் அலுவலகத்தில் படம் கீறும் மேசையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே சாய்வுதான். கை தொங்காது, முழங்கையும் மணிக்கட்டும் கண்ணாடியிலேயே ஓய்வெடுக்கும். இந்த வகைக் கணினிகளில் இதுவே பெயர் பெற்றது. பின்னால் வந்தவை இதை வைத்தே அளக்கப்பட்டன. ஆகவே நாமும் இதை வைத்தே அளப்போம்.

ஒரு பகல் முழுவதும் கை வைத்துப் பார்த்தேன்

கொழும்பில் விளம்பர வடிவமைப்புச் செய்யும் நண்பர் ஒருவரிடம் இதன் முதல் தலைமுறைக் கணினி இருக்கிறது. ஸ்கான் செய்த பழைய படம் ஒன்றையும் கலியாண அல்பக் கோப்பு ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் திரை. 4,500க்கு 3,000 படப்புள்ளிகள், அதாவது மொத்தம் 1 கோடியே 35 இலட்சம். எங்கள் கடைகளில் இருக்கும் சாதாரண ஃபுல் எச்.டி. மொனிட்டரில் இருப்பது ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம். ஒரு அங்குலத்துக்கு 192 புள்ளிகள் என்பதால், காகிதத்தில் ஒரு அங்குலம் இருப்பதைத் திரையிலும் சரியாக ஒரு அங்குலமாகக் காட்டமுடியும். இரண்டு ஏ4 தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சில் வரும் அதே அளவில் தெரியும். கல்வெட்டின் இரண்டு பக்கங்களை விரித்து வைத்து, எழுத்து கிழவருக்கு வாசிக்கக்கூடிய பருமனா என்று கண்ணாலேயே தீர்மானிக்கலாம். சாதாரணத் திரையில் பெருப்பித்தும் சிறுப்பித்தும் ஊகிக்கிற வேலை இங்கே இல்லை.

திரையின் விகிதமும் எங்கள் தொழிலுக்கு உகந்தது. சினிமாத் திரைபோல நீண்டு கிடக்காமல், கமராப் படத்தின் அதே மூன்றுக்கு இரண்டு விகிதம். கமராவில் எடுத்த படம் மேலும் கீழும் வெட்டுப்படாமல் திரையை நிறைக்கும்.

பிறகு பேனை. நான் கொண்டுபோன பழைய படத்தில் இடது கண்ணின் மேலிமையைக் கீறினேன். மெல்ல ஊன்றினால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடித்த கைக்கு இதைப் பழக்கத் தேவையில்லை. மவுஸால் எனக்கு ஒரு பின்னேரம் பிடிக்கும் இமையும் புருவமும் அன்று முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தன. கீறியது கீறியதுபோலத் தெரியவில்லை, அந்த முகத்துக்கு உரியதாக இருந்தது. அந்த முக்கால் மணித்தியாலத்துக்காக இந்தக் கணினியை நான் என்றும் மதிப்பேன்.

அல்பக் கோப்பைத் திறந்ததும் கதை மாறியது. 12க்கு 36 அங்குல அல்பத் தாள் ஒன்றை 300 புள்ளி அடர்த்தியில் வைத்தால் 3,600க்கு 10,800 படப்புள்ளிகள். ஒரு தாளிலேயே 3 கோடியே 88 இலட்சம் புள்ளிகள். அதன்மேல் பத்துப் பதினைந்து படலங்கள். கணினி மூச்சு வாங்கியது. காரணம் இருக்கிறது. இவ்வளவு அழகான திரைக்குக் கீழே இருப்பது மடிக்கணினி வகை வரைகலைச் சில்லு. சேமிப்பகமும் முழு எஸ்.எஸ்.டி. அல்ல, சுழலும் தட்டோடு சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைச் சேர்த்த கலப்பு. 2018இல் வந்த இரண்டாம் பதிப்பு முழு எஸ்.எஸ்.டி.க்கு மாறியது. 2022இல் வந்த '2 பிளஸ்' பதிப்போ, இன்டெலின் 12ஆம் தலைமுறை கடைக்கு வந்த பிறகும் 11ஆம் தலைமுறைச் சில்லோடுதான் வந்தது. திரைக்குக் கொடுத்த கவனம் உள்ளே இருக்கும் கணினிக்குக் கொடுக்கப்படவில்லை.

கூறைச் சேலையின் சிவப்பு

கலியாண அல்பத்தில் முதல் வரும் முறைப்பாடு எது தெரியுமா? "கூறைச் சேலை இப்பிடிச் சிவப்பில்லையே, தம்பி." பட்டுச் சிவப்பும் சரிகைப் பொன்னும் திரையில் ஒன்று, அச்சில் வேறொன்று.

விலை கூடிய திரை இதைத் தீர்க்கும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. சர்ஃபேஸ் ஸ்டூடியோ போன்ற திரைகள் டி.சி.ஐ.-பி3 என்ற அகன்ற நிற எல்லையைக் காட்டும். அது வழமையான எஸ்.ஆர்.ஜி.பி. எல்லையைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பெரியது. அதிலும் சிவப்பும் பச்சையும் கூடுதலாக விரியும். சினிமாவுக்கு அது சரி. அல்பம் அச்சிடும் கலர் லாப்கள் பெரும்பாலும் எஸ்.ஆர்.ஜி.பி. கோப்பையே கேட்கின்றன. அகன்ற நிறத்தில் பார்த்து மயங்கி அனுப்பினால் அச்சில் சேலை வாடித்தான் வரும். சர்ஃபேஸ் ஸ்டூடியோவில் ஒரு சொடுக்கில் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றும் வசதி இருக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அந்த நிறத்தைச் சரியாகக் காட்டும் சாதாரண ஐ.பி.எஸ். மொனிட்டரும் இதே வேலையைச் செய்யும். நிறம் பிழைப்பது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல. திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் இருந்து வெயில் நேரே திரையில் விழும் இடத்தில் இருந்து வேலை செய்வதால்தான். மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வெளிச்சத்தைக் குறைத்து, லாப்பில் ஒரு மாதிரித் தாள் அடித்துத் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செலவு ஒரு தாளின் விலை.

கொம்பு இடம் மாறினால்

தமிழில் வேலை செய்பவருக்கு இன்னொரு சோதனை உண்டு. எந்த வெளிநாட்டு மதிப்புரையிலும் அது வராது.

எங்கள் கடைகளில் இன்னும் பாமினி எழுத்துருவே அரசாட்சி செய்கிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய முறை. இறந்தவரின் பிள்ளைகள் பெயர் விபரத்தை வைபரிலும் வட்ஸ்அப்பிலும் யூனிகோட்டில் அனுப்புகிறார்கள். அதை போட்டோஷொப்பில் ஒட்டினால், பழைய பதிப்புகளில் வழமையான அமைப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ'வும் 'கை'யும் உடையும். எழுத்துப் பகுதியின் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு முறையைத் தெரிவுசெய்தால் இது சரியாகும். தெரியாதவர்கள் பாமினிக்கு மாற்றுகிறார்கள். அல்லது திரும்பத் தட்டச்சுச் செய்கிறார்கள். அங்கேதான் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் பிழைத்துப்போகிறது. கல்வெட்டில் பிழைத்த பெயர் வீட்டில் தலைமுறைக்கும் இருக்கும்.

இந்தச் சிக்கலை எந்தத் தொடுதிரையும் தீர்க்காது. விண்டோஸ் 2000 காலத்திலேயே யூனிகோட் தமிழ் கணினிக்குள் வந்துவிட்டது. குறை கருவியில் அல்ல, பழக்கத்தில். ஆனால் பேனைத்திரை ஒரு விடயத்தில் உதவும். கல்வெட்டின் அட்டைக்கோ கடையின் பெயருக்கோ எழுத்தைக் கையாலேயே எழுதலாம். 'ழ'வின் வளைவும் 'ஞ'வின் சுழியும் கையால் எழுதும்போதுதான் உயிரோடு வரும். விளம்பரப்பலகை எழுதும் ஓவியர்களின் கை எங்கள் ஊர்களில் மறைந்துகொண்டு போகிறது. அதைக் கணினிக்குள் கொண்டுவரும் வழி பேனைத்திரைதான்.

கரண்ட், மின்னல், வெக்கை

இனி இந்த மண்ணின் கேள்விகள்.

மடிக்கணினிக்குள் பற்றரி இருக்கிறது, எல்லாம் ஒன்றில் கணினிக்குள் இல்லை. கரண்ட் போன அந்தக் கணமே வேலையும் போகும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையும் முழு இலங்கையும் இருண்டது. ஆகவே யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வகைக் கணினியை வாங்கவே வேண்டாம்.

ஒக்ரோபரில் மழைக்கு முன்னோடியாக வரும் இடிமின்னல் இன்னும் மோசம். சில வருடங்களுக்கு முன் ஒரு பின்னேரம் மின்னல் அடித்து என் கணினியின் தாய்ப்பலகை கருகியது. பெட்டிக் கணினி என்பதால் வவுனியாவுக்குக் கொண்டுபோய்ப் பலகையை மட்டும் மாற்றினேன். மொனிட்டர், ஹார்ட் டிஸ்க், ராம் எல்லாம் தப்பின. நாலாம் நாள் வேலை தொடங்கியது. அதே மின்னல் எல்லாம் ஒன்றில் கணினியில் இறங்கியிருந்தால்? சர்ஃபேஸ் ஸ்டூடியோவில் ராம் பலகையோடு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பிறகு கூட்டவும் முடியாது, தனியாக மாற்றவும் முடியாது. வெளிநாட்டில் வாங்கியதென்றால் உத்தரவாதமும் பெரும்பாலும் அந்த நாட்டோடு நின்றுவிடும்.

வெக்கையும் தூசியும் உண்டு. உலர் வலயத்தில் ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரையின் கீழ் நடுப்பகலில் வேலை செய்பவருக்குத் தெரியும், பெட்டிக் கணினியே விசிறியைக் கத்தவிடும். சின்ன அடிப்பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்தால் சூடு போக வழி குறைவு. ஊதித் துடைக்கத் திறப்பதும் இலகுவல்ல.

சின்ன விடயம் ஒன்று, ஆனால் வேலையை நிறுத்திவிடும். அந்தக் கணினியோடு வரும் பேனைக்கு 'ஏ' எழுத்து நாலு கொண்ட மிக மெல்லிய பற்றரி வேண்டும். சுவர்க்கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடும் பற்றரி பொருந்தாது. அது தீர்ந்தால் எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடி இருக்கும், கணினி முடிந்துவிடும்

இத்தனைக்கும் மேலே ஒரு குறை இருக்கிறது. என் தீர்ப்பு அதில்தான் தங்கியிருக்கிறது.

நல்ல திரை பத்து, பதினைந்து வருடம் உழைக்கும். கணினியின் மூளை ஐந்து, ஆறு வருடத்தில் பழசாகும். இரண்டையும் ஒன்றாக ஒட்டினால் நெடுநாள் வாழவேண்டியது குறுநாள் வாழ்வதோடு சேர்ந்து போகும். 2016இன் சர்ஃபேஸ் ஸ்டூடியோவுக்கு அதுவே நடந்தது. அதன் சில்லு விண்டோஸ் 11க்கு உரிய பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நின்றது. அந்த அருமையான திரையை இன்னொரு கணினிக்கு மொனிட்டராகவாவது பூட்டலாமா என்றால் அதற்கான உள்வழியே வைக்கப்படவில்லை. கண்ணாடி புத்தம் புதிதாக இருக்க, உள்ளே இருப்பது முடிந்துவிட்டது.

விலையையும் சொல்லவேண்டும். 2016இல் இது 2,999 டொலரில் தொடங்கியது. அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ நாலரை இலட்சம் ரூபா. 2022இன் '2 பிளஸ்' ஏறத்தாழ 4,300 டொலர். ரூபா விழுந்த அந்த வருடத்தில் அது பதினைந்து இலட்சத்துக்கு மேல். டொலரில் விலை ஒன்றரை மடங்கு ஆகவில்லை, எங்கள் கையில் மூன்று மடங்குக்கு மேல் ஆனது. 2024 டிசம்பரோடு மைக்ரோசொஃப்ட் இதன் உற்பத்தியையும் நிறுத்திவிட்டது.

கடையில் விற்கும் மலிவான தொடுதிரை 'எல்லாம் ஒன்றில்' கணினிகளை இதற்கு மாற்றாக எண்ணிவிடவேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை விரலை மட்டும் உணரும். அழுத்தம் அறியும் பேனைக்கான அடுக்கு அவற்றின் கண்ணாடிக்குள் இல்லை, திரையும் வரைபலகைபோலச் சரியாது. ஒரு ஸ்டூடியோவுக்கு அது வெறும் கணினிதான்.

எதை வாங்கலாம்?

எங்களுக்கு வேண்டியது சாய்ந்த கண்ணாடியும் அழுத்தம் அறியும் பேனையும். கணினியோடு ஒட்டாமலே அவை கிடைக்கின்றன. வக்கொம், ஹியூயொன், எக்ஸ்பி-பென் நிறுவனங்கள் செய்யும் பேனைத்திரைகள் இருக்கின்றன. உங்களிடம் இப்போது இருக்கும் பெட்டிக் கணினியிலோ மடிக்கணினியிலோ பூட்டலாம். கணினி பழசானால் கணினியை மட்டும் மாற்றலாம். வக்கொம் சின்ரிக் 16, 2019இல் வந்தபோது ஏறத்தாழ 650 டொலர். அதன் பேனை 8,192 நிலை அழுத்தத்தை அறியும், பற்றரியே தேவையில்லை. விரல் தொடுகை அதில் கிடையாது. அது குறை அல்ல, கையை ஊன்றிக் கீறுபவருக்கு நிம்மதி.

அதற்கும் வசதி இல்லையா? திரை இல்லாத பேனைப்பலகையில் தொடங்குங்கள். கை மேசையில், கண் மொனிட்டரில். இரண்டு கிழமை பழக்கம் வேண்டும். பிறகு மவுஸைத் தொட மனம் வராது.

மிச்சக் காசை இந்த ஒழுங்கில் செலவழியுங்கள்: முதலில் யூ.பி.எஸ்.சும் நல்ல நில இணைப்பும், அடுத்தது எஸ்.எஸ்.டி., அதன்பின் ராம், பிறகு நிறம் சரியான ஐ.பி.எஸ். மொனிட்டர். வேலைக் கோப்புகளைக் கணினிக்கு வெளியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருங்கள். உங்களிடம் இருக்கும் அந்தக் கோப்பு ஒரு குடும்பத்துக்கு மிஞ்சிய ஒரே முகமாக இருக்கலாம்.

எல்லாம் ஒன்றில் தொடுதிரைக் கணினி யாருக்குப் பொருந்தும் என்பதையும் சொல்லவேண்டும். கரண்ட் நிற்காத, குளிரூட்டிய அறையில், உத்தரவாதம் பக்கத்துத் தெருவில் இருக்க, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிது வாங்கும் நிறுவனத்தில், முழுநேரமும் படம் கீறுபவருக்கு அது அருமையான மேசை. அதன் எண்ணம் சரியானது. சாய்ந்த திரையில் கை ஊன்றிக் கீறுவதே கீறுபவருக்கு இயல்பு என்பதை உலகத்துக்குக் காட்டியது அதுதான். அந்த எண்ணத்தை எடுத்துக்கொள்வோம், ஒட்டிய பெட்டியை விட்டுவிடுவோம்.

வெளிநாட்டில் இருந்து அனுப்ப நினைக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அன்பை விலையால் அளக்கவேண்டாம். அனுப்புவதற்கு முதல் இங்கே மேசையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மின்னிணைப்பின் லேபிளில் 100-240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய கணினியின் காசில் ஒரு பேனைத்திரையும் ஒரு யூ.பி.எஸ்.சும் அனுப்பினால், மிச்சத்தில் ஒரு பிள்ளைக்கு வடிவமைப்புப் படிப்பிக்கலாம்.

என் மச்சானுக்கும் நான் இதையே சொன்னேன். 16 அங்குலப் பேனைத்திரை ஒன்று வந்து சேர்ந்தது. பழைய பெட்டிக் கணினியில் பூட்டியிருக்கிறேன். அந்த அம்மா கொண்டுவந்த முகத்தின் இரண்டு கண்களையும் அதில்தான் கீறி முடித்தேன்.